ஈறு நிறத்தில் ஒரு வீரன்

அந்தப் பேச்சு இலக்கியாவுக்கு வரி பிசகாமல் நினைவிருக்கிறது. புதுக்கோட்டை கீழ ராஜ வீதிக்குப் பின்னால் இருந்த கோபிநாத்தின் செல்போன் சர்வீஸ் கடையில், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்த பேச்சு. அன்றைக்குத்தான் அவள் மெல்வினை முதன்முதலாகப் பார்த்தாள்.

மெல்வின் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து மேசையில் கவிழ்த்தான். பல் டாக்டர்கள் பல் செட்டைப் போட்டுக் கொடுக்கிற டப்பா அது. உள்ளேயிருந்து கட்டைவிரல் உயரத்தில் பொம்மைகள் விழுந்தன. ஈட்டி பிடித்தவன், தொப்பை போட்ட மந்திரவாதி, வாயைப் பிளந்த பூதம். எல்லாமே இளஞ்சிவப்பு.

"இதெல்லாம் எதுக்கு?" என்று இலக்கியாதான் ஆரம்பித்தாள்.

"ஆட்டத்துல வர்ற சண்டைக்கு. யாரு எங்க நிக்கிறான்னு தெரிய வேணாமா?"

"கதை சொல்றப்ப அதை நான் வாயால சொல்லுவேன்ல? கேட்டு மனசுல பாத்துக்க வேண்டியதுதானே."

"கதையில ஒரு பாலம் வருதுன்னு வையி. நீ மனசுல பாக்குற பாலமும் நான் பாக்குற பாலமும் ஒரே பாலமா?" என்று கேட்டான் மெல்வின். "ஒம் பாலத்துல கைப்பிடி இருக்கும். எம் பாலத்துல இருக்காது. நான் விழுந்துருவேன்."

"விழுந்தா விழுந்துட்டீங்கன்னு சொல்றேன்."

"பாத்தியா மாப்ள, டீச்சர் வந்த அன்னைக்கே ஒன்னையக் கீழ தள்ளிட்டாங்க" என்றான் கோபிநாத்.

இலக்கியா ஈட்டிக்காரனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பொம்மைய வச்சா கண்ணு அதுலதான் போவும். அப்புறம் கதை எங்க மனசுல நிக்கும்? ஈறு கலர்ல ஒரு வீரன். இவனைப் பாத்து யாரு பயப்படுவா?"

மெல்வின் சிரித்துவிட்டான். "பல்லு கட்டுறவன்கிட்ட ஈறு கலருதான் இருக்கும். சரி, ஒண்ணு கேக்குறேன். எங்க ஆவூர்ல பெரிய வெள்ளிக்கிழம ஆண்டவரைச் சிலுவையில இருந்து எறக்குவாங்க. சுரூபத்தைத்தான், செலையத்தான் எறக்குவாங்க. கை மடங்கும், கழுத்து சாயும், ஊரே கதறும். நீங்களா மனசுல எறக்கிக்கங்கன்னு எந்தச் சாமியாராச்சும் சொன்னாரா?"

"அது சாமி. இது வெளாட்டு."

"வெளாட்டுன்னா இன்னும் மோசம். பொம்மை இல்லாட்டி நீ ஓரவஞ்சனை பண்ணுவ."

"நான் எதுக்குப் பண்ணப் போறேன்? ஒங்களை எனக்குத் தெரியவே தெரியாது."

"பழகுனா பண்ணுவ. எல்லாரும் பண்ணுவாங்க. பொம்மை ஒரு கட்டத்துல நின்னா அந்தக் கட்டத்துலதான் நிக்கும். அதுக்கு யாரு மேலயும் எரக்கம் கெடையாது."

இலக்கியா விட்டுக்கொடுத்தாள். அதிகம் பேசிப் பழகாதவள். அந்த அளவுக்கு வாதாடியதே அவளுக்குப் பெரிய காரியம். சார்ட் அட்டையை விரித்துக் கட்டம் போடத் தொடங்கினாள். பொம்மைக் கட்சி அன்று ஜெயித்தது.

ஆட்டம் இதுதான். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்துகொண்டு, 'நான் கதவை உடைக்கிறேன்', 'நான் ஓடி ஒளிகிறேன்' என்று தங்கள் செயலைச் சொல்வார்கள். நினைத்தது நடக்குமா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும். பெரிய எண் விழுந்தால் நடக்கும், சின்ன எண் விழுந்தால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். கோபிநாத் இதை இணையத்தில் பார்த்துப் பித்துப் பிடித்து, மெல்வினையும் பிடித்து உட்கார வைத்திருந்தான். விதிகளெல்லாம் இங்கிலீஷில் இருந்தன. ஒரு வரிக்கு இருவரும் ஆளுக்கொரு அர்த்தம் சொல்லிச் சட்டையைப் பிடிக்காத குறை. அப்போதுதான், கைப்பேசி டிஸ்ப்ளே மாற்ற வந்த பள்ளிக்கூட இங்கிலீஷ் டீச்சர் இலக்கியாவை மத்தியஸ்தத்துக்குக் கூப்பிட்டான் கோபிநாத். வந்தவள் கதை சொல்லும் இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். வகுப்பறையில்கூடத் தணிந்த குரலில் பேசுகிறவள், அந்தக் கடைக்குள் பூதங்களின் குரலில் உறுமினாள். மெல்வின் அவளுக்கு வைத்த பெயர் கதைக்காரி.

மெல்வின் ஆவூர்க்காரன். தகப்பனார் சந்தனராஜ் கொஞ்சம் நிலத்தில் கடலை போடுகிறவர். சொந்த அக்காள் மகளையே கட்டியவர். பிள்ளைகள் இரண்டு. மூத்தவன் மெல்வின், அடுத்தவள் ஏஞ்சல். மெல்வினுக்குச் சின்ன வயதிலேயே பொழுது இறங்கினால் கண் தெரியாது. மாலைக்கண் என்று சொல்லி அம்மா முருங்கைக் கீரையும் ஈரலுமாகப் போட்டு வளர்த்தாள். பகலில் ஒரு குறையும் இல்லாததால் யாரும் அதற்குமேல் போகவில்லை. அம்மா இறந்தபிறகு கீரையும் நின்றது.

அவனுக்குக் கைவேலை சுத்தம். திருச்சியில் ஒரு பல் லேபில் எடுபிடியாகச் சேர்ந்து தொழிலைக் கற்றுக்கொண்டு, புதுக்கோட்டையில் ஒரு லேபுக்கு வந்து சேர்ந்தான். டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு செய்து, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, மேலும் கீழும் கடி சரியாக உட்காருகிறதா என்று பார்ப்பது அவன் வேலை. பிறகு மெழுகு போய் அந்த இடத்தில் இளஞ்சிவப்பு அக்ரிலிக் வரும். மிஞ்சுகிற அக்ரிலிக்கில்தான் பொம்மைகள் பிறந்தன. பல்லின் குழியைச் செதுக்குகிற கத்தியால் பூதத்துக்கு நகம் செதுக்குவான். கொற்றன் என்று அவன் பெயர் வைத்திருந்த ஈட்டிக்காரனுக்குப் புருவம்கூட உண்டு. மெல்வின் ஆட்டத்தில் கொற்றனாக இருந்தான். மூன்றடி அகலப் பாதையை மறித்துக்கொண்டு நிற்பதுதான் கொற்றனுக்குப் பிடித்த வேலை.

கோபிநாத்தின் ஆள் பூவன் என்கிற மந்திரவாதி. பூவனுக்கு ஆயுசு கம்மி. ஒருவன் செத்தால் அடுத்த வாரமே இன்னொரு பூவனோடு வந்து நிற்பான் கோபிநாத். முதலாம் பூவன், இரண்டாம் பூவன் என்று ராஜாக்கள் மாதிரி வரிசை. பொம்மை மட்டும் அதேதான். ஒவ்வொரு சாவுக்கும் அதன் தொப்பையில் நகப்பாலிஷால் ஒரு கோடு ஏறும்.

"மாப்ள, இவன் போனா வயித்துல எடம் இல்லடா" என்பான் மெல்வின்.

"முதுகு இருக்குல்ல" என்பான் கோபிநாத்.

இரண்டு வருஷம் அப்படி ஓடியது. அவர்கள் வாழ்க்கையில் வேறு எதுவும் அவ்வளவு ஒழுங்காக ஓடவில்லை.

லேபிலிருந்து போன பல் செட்டுகள் திரும்பி வர ஆரம்பித்தன. கடி உட்காரவில்லை, ஓரத்துப் பல் ஒன்று உயர்ந்து நிற்கிறது என்று டாக்டர்கள் சீட்டு எழுதி அனுப்பினார்கள். மெல்வின் கண்ணாடி மாற்றிப் பார்த்தான். டியூப் லைட் மாற்றிப் பார்த்தான். கடைசியில் ஏஞ்சல்தான் அவனை மதுரைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மாலைக்கண் என்று நினைத்தது பிறவியிலேயே வந்த விழித்திரைக் கோளாறு என்றும், பார்வை ஓரத்திலிருந்து உள்ளே சுருங்கிக்கொண்டே வரும் என்றும், மருந்து கிடையாது என்றும் சொன்னார்கள். "ஒரு பைப்பு வழியா பாக்குற மாதிரி இருக்கு" என்றான் மெல்வின், ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்ததும், பஸ் லேட் என்று சொல்வதைப் போல.  

பைப்பு வழியாகப் பார்த்தால் அட்டையில் ஒரு நேரத்துக்கு ஒரு கட்டம்தான் தெரியும். கொற்றனைக் கண்டுபிடித்து, அங்கிருந்து தலையைத் திருப்பித் திருப்பிப் பூதத்தைத் தேடிப் பிடிப்பான். அதற்குள் கொற்றன் தொலைந்துவிடுவான். கோபிநாத் கைப்பேசியை எடுத்து நோண்டுவது போல் பாவனை செய்வான். அப்படி ஒரு மாசி மாதத்து ஞாயிறில், பகடையை எடுக்க நீட்டிய மெல்வினின் கை அட்டையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போனது. பொம்மைகள் மொத்தமும் சாய்ந்தன. பூதம் தரையில் விழுந்து உருண்டது.

"ஒண்ணுமில்ல மாப்ள, ஒண்ணுமில்ல" என்று கோபிநாத் பரபரவென்று எடுத்து நிறுத்தினான்.

"அதே எடத்துலயா வச்ச?"

"அதே எடந்தான்."

அதே இடமில்லை. பூதத்துக்கு எதிரில் நின்ற கொற்றன் இப்போது ஒரு பாறைக்குப் பின்னால் பத்திரமாக நின்றான். இலக்கியா பார்த்தாள். சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அடுத்த வாரத்துல இருந்து பொம்மை வேணாம். மனசுலயே ஆடலாம்" என்றாள்.

மெல்வின் அவள் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். "எனக்காகவா?"

"இல்லண்ணே. கட்டம் போட்டு முடிக்கவே பாதி நேரம் போவுது. அதான்."

"நீ மொத நாளே கேட்டது" என்றான் அவன். "கடைசில ஜெயிச்சுட்ட கதைக்காரி."

பொம்மைகள் பல் செட் டப்பாக்களுக்குள் போயின. டப்பாக்களை அவனே வீட்டுக்கு எடுத்துப்போனான்.

மனதில் ஆடிய முதல் இரண்டு ஞாயிறுகள் இதற்குமுன் அமையாத மாதிரி அமைந்தன. இலக்கியா அத்தனையும் கொட்டினாள். செம்மண் புழுதி வாயில் கரகரப்பதை, வெயில் ஏறிய பாறை உள்ளங்காலைச் சுடுவதை, ஈட்டிக் காம்பில் வேர்வை வழுக்குவதைச் சொன்னாள். மெல்வின் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். தலை திருப்பித் தேட வேண்டியதில்லை. மற்ற இருவருக்கும் தெரிந்த அளவு அவனுக்கும் தெரிந்தது. இவ்வளவு நாளும் இதைச் செய்யாமல் போனோமே என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

மூன்றாவது ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை லேபில் அவனை இனி வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அதையும் அவன் பஸ் லேட் என்கிற குரலில்தான் சொன்னான். அன்றைய கதையில் ஒரு கோட்டை வாசல். கொற்றன் வழக்கம்போல் வாசலை மறித்து நின்றான். எதிரி வில்லாளிகள் மதில்மேல். இலக்கியா ஒரு புத்தகத்தை நிறுத்தி வைத்து அதன் மறைவில் பகடையை உருட்டினாள். விழுந்த எண் பெரிது. அம்பு கொற்றனின் கழுத்தில் தைத்திருக்க வேண்டும். அவனிடம் மிச்சமிருந்த உயிருக்கு அது போதும், போதும் என்பதற்கும் மேல்.

அவள் வாயைத் திறந்தாள். எதிரில் மெல்வின் கண்ணை மூடி, லேசாகச் சிரித்தபடி காத்திருந்தான்.

"அம்பு ஒங்க காதை ஒரசிட்டுப் போவுது" என்றாள்.

கட்டமும் பொம்மையும் இருந்திருந்தால் அது முடியாது. கட்டம் இல்லாத இடத்தில் அம்பு எங்கே வேண்டுமானாலும் போகும். ஒரு தடவை போனபிறகு அதற்குப் பழகிவிட்டது. அடுத்த வாரம் வாள் நழுவியது. அதற்கடுத்த வாரம் புலி வேறு பக்கம் பாய்ந்தது. மெல்வினின் பகடையைப் படித்துச் சொல்வது கோபிநாத்தின் பொறுப்பு. அவனும் யாரும் சொல்லாமலே அந்த வேலையில் சேர்ந்துகொண்டான். இரண்டு விழுந்தால் பன்னிரண்டு என்பான். இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பேசியிருந்தால் ஒருவேளை கூச்சப்பட்டு நிறுத்தியிருப்பார்கள். பங்குனி, சித்திரை போய் ஆடியும் வந்தது. அதற்குள் நாலாம் பூவனும் ஐந்தாம் பூவனும் செத்தார்கள். கொற்றனுக்கு ஒரு கீறல் இல்லை.

ஆவணியில் ஒரு ஞாயிறு ஏஞ்சல் அண்ணனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். தோளில் ஒரு ஜவுளிக்கடைப் பை தொங்கியது. கனம் தாங்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தாள்.

"என்னம்மா, அரிசி மூட்டையா?" என்றான் கோபிநாத்.

"எனக்கென்ன தெரியும்ணே. தூக்கிட்டு வான்னுச்சு. கீரனூர்ல பஸ் மாறுறதுக்குள்ள தோள்பட்டை போச்சு."

மெல்வின் பையிலிருந்து துண்டில் சுற்றிய ஒரு பலகையை எடுத்து மேசையில் வைத்தான். பல் அச்சுக்கு ஊற்றுகிற பிளாஸ்டரைத் தட்டில் ஊற்றி இறுகவிட்டு, கத்தியால் குறுக்கும் நெடுக்கும் பள்ளம் கீறிக் கட்டமாக்கியிருந்தான். கோடு சில இடங்களில் கோணியிருந்தது. விரலால் தடவினால் கட்டம் தெரியும். டப்பாவைத் திறந்து பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்து, முகத்தைத் தடவிப் பார்த்து வரிசையாக வைத்தான்.

"போன வாரச் சண்டையத் திருப்பி ஆடுவோம்" என்றான்.

"அது முடிஞ்சுபோச்சே மாப்ள."

"முடிஞ்சுச்சு. எப்படி முடிஞ்சுச்சுன்னுதான் எனக்கு வெளங்கல. வாரா வாரம் வீட்டுக்குப் போயி இதுல வச்சு வச்சுப் பாக்குறேன். அப்பத்தான் நெஞ்சுல நிக்கும்னு பாக்குறேன். இது மட்டும் ஒக்கார மாட்டேங்குது. கடி சேரல."

இலக்கியா கையிலிருந்த பகடையை மேசையில் வைத்தாள்.

போன வாரச் சண்டை ஒரு கண்மாய்க்கரையில் நடந்தது. தண்ணீருக்குள் புதைந்து கிடந்த முதுமக்கள் தாழியிலிருந்து ஒரு பூதம் எழுந்து கரையேறியது. மெல்வின் இரண்டு விரலால் பலகையில் கரையை அளந்தான்.

"இது கரை. மடைக்கிட்ட ஒரு ஆளு நிக்கத்தான் எடம். நீ சொன்னது. அந்தப் பக்கம் தண்ணி, இந்தப் பக்கம் கிடுகிடுன்னு பள்ளம். இதுவும் நீ சொன்னதுதான். மடைக்கல்லு மேல நான் நிக்கிறேன்." கொற்றனை வைத்தான். "எனக்குப் பின்னால பூவன். எனக்கு முன்னாடி, கைக்கெட்டுற தூரத்துல பூதம் ஏறுது." பூதத்தை வைத்தான். "அப்புறம் அது பூவனை அடிச்சுக் கொன்னுருச்சு. எப்படி? என்னையத் தாண்டாம அவன்கிட்ட எப்படிப் போச்சு? பறந்துச்சா?"

"பூதம்தானேடா. கை நீளமா இருக்கும்" என்றான் கோபிநாத்.

"கை நீளம்னா மொதல்ல எனக்குல்ல எட்டும்?"

கோபிநாத் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

"நீ பேசாத" என்றான் மெல்வின். "என் டைஸைப் படிக்கிறப்ப ஒனக்கு ஒரு பழக்கம் இருக்கு. படிக்கிறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு விடுவ. நல்ல நம்பர் விழுந்தா மூச்சு விட மாட்ட, கத்திருவ. ஆறு மாசமா மூச்சாத்தான் விடுற."

 ஏஞ்சல் எதுவும் புரியாமல் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கதைக்காரி, நீ சொல்லு. நான் செத்துட்டேனா இல்லையா?"

இலக்கியா பலகையைப் பார்த்தாள். இளஞ்சிவப்புக் கொற்றன் வெள்ளைப் பலகையில் பூதத்துக்கு முட்டுக்கு முட்டு நின்றான். மறைக்க அங்கே ஒரு பாறை இல்லை.

"செத்துட்டீங்கண்ணே."

"இந்த மடையிலயா?"

"இல்லண்ணே." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "கோட்டை வாசல்ல."

மெல்வின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினான். கோட்டை வாசல் எப்போது என்று அவன் எண்ணிப் பார்க்கிறான் என்பது அவளுக்குத் தெரிந்தது.

"லேபுல நிப்பாட்டுன வாரம்" என்றான்.

"ஆமாண்ணே."

"அப்ப மடையில நின்னது யாரு?"

 மெல்வின் பலகையில் விரலை ஓட்டிக் கொற்றனைத் தேடி எடுத்து, மடைக்கல் கட்டத்திலேயே படுக்க வைத்தான். பிறகு, "ஏஞ்சலு, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றான். அவள் பலகையைத் துண்டில் சுற்றினாள். கோபிநாத் ஷட்டரைத் தூக்கிவிட எழுந்தான். வாசல்படி இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தவன், சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றான். மெல்வின் படியில் இடறி, சமாளித்து, இறங்கிப் போனான்.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. வாட்ஸாப் குழுவில் இலக்கியா, "மன்னிச்சிருங்கண்ணே" என்று ஒரு குரல் செய்தி அனுப்பினாள். கேட்டதற்கான நீலக்குறி விழுந்தது. பதில் இல்லை. கோபிநாத் ஐப்பசியில் கத்தாருக்குப் போனான். மச்சான் ஒருவன் வெகுநாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கடை இருந்த இடத்தில் இப்போது ஜூஸ் விற்கிறார்கள். மேசை கிடந்த இடத்தில் ஒரு குளிர்ப்பெட்டி நிற்கிறது.

மார்கழியில், பரீட்சை லீவு விட்டதும், இலக்கியா ஒரு கேக்கை வாங்கிக்கொண்டு ஆவூருக்குப் போனாள். போகும் வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்கியது. சந்தனராஜ் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். முன்னறையில் வைக்கோலும் கருப்புத் தாளும் வைத்துக் குடில் கட்டியிருந்தாள் ஏஞ்சல். மாதாவும் சூசையப்பரும் கடையில் வாங்கிய சுரூபங்கள். அவர்களைச் சுற்றி, ஆடுகளுக்கு நடுவில், இளஞ்சிவப்பாக ஒரு கூட்டம் நின்றது. தொப்பை முழுக்கக் கோடு போட்ட பூவன் மண்டியிடத் தெரியாமல் நின்றான். பூதத்துக்கு மேல் ஒரு துணியைப் போர்த்தி ஒட்டகமாக்கியிருந்தாள். தீவனத் தொட்டிக்குப் பக்கத்தில் கொற்றன், ஈட்டியோடு.

"இடையனுங்க பொம்மை ஒடஞ்சுபோச்சுக்கா. அதான் இவங்களை வச்சேன்" என்றாள் ஏஞ்சல்.

"இடையன் கையில ஈட்டி எதுக்குன்னு பங்குச் சாமியார் கேட்டாரும்மா" என்றார் சந்தனராஜ். "நரி வந்தா குத்தத்தான் சாமின்னேன். சிரிச்சுட்டுப் போயிட்டாரு."

மெல்வின் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். சட்டை பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. "வாங்க" என்றான். "நல்லாருக்கீங்களா? பள்ளிக்கூடம் எப்படிப் போவுது?"

அவன் அவளை ஒருநாளும் வாங்க என்று சொன்னவனில்லை. ஒத்திகை பார்த்ததெல்லாம் அந்த ஒரு சொல்லில் போய்விட்டது.

"அண்ணே, பலகை இருக்குல்ல? ஞாயித்துக்கெழம நான் இங்கிட்டு வாரேன். நாம ரெண்டு பேரே ஆடலாம். புது ஆளு ஒருத்தனை வச்சுக்கங்க. இந்தத் தடவ ஒரு பொய் இருக்காதுண்ணே. சத்தியமா."

"பலகை ஒடஞ்சுருச்சுங்க. தண்ணி பட்டு ஊறிப்போச்சு."

"வேற செஞ்சுக்கலாம். இல்லாட்டி மனசுலயே ஆடலாம். நான் நேரா சொல்றேன்."

மெல்வின் முகத்தைக் கொஞ்சம் சாய்த்தான், எதையோ கேட்பதுபோல. கோபம் அதில் இல்லை. இருந்திருந்தால் அவள் தேறியிருப்பாள்.

"மொதல்லாம் நீங்க சொன்னா தெரியும்ங்க. கண்ணை மூடுனா கரை தெரியும், கல்லு தெரியும். இப்ப மடைன்னு சொல்லிப் பாக்குறேன். மடைங்கிற சொல்லுதான் வருது, கல்லு வரமாட்டேங்குது. அம்மா முகத்தையும் போட்டுப் பாத்தேன். பேரு வருது, முகம் வரல."

"பொம்மைய கையில புடிச்சுப் பாத்தா?"

"பிளாஸ்டிக்கு" என்றான். "அம்புட்டுத்தான்."

ஏஞ்சல் கேக்கை வெட்டித் தட்டில் கொண்டுவந்தாள். அண்ணனுக்கு ஒரு துண்டை எடுத்து வாயருகே நீட்டினாள். மெல்வின் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டான். கையை நீட்டவில்லை. சந்தனராஜ் ஜன்னல் பக்கம் திரும்பி, கடலை இந்த வருஷம் புழு விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். இலக்கியா தன் துண்டைத் தின்று முடித்து, வாரேன் என்று சொல்லிக்கொண்டு எழுந்தாள்.

"பாத்துப் போங்க" என்றான் மெல்வின்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அவளுக்கு அந்த மாசி மாதத்து ஞாயிறுதான் மேலெழுந்து வந்தது. பொம்மைகள் சாய்ந்த அன்றைய சாயங்காலம். ஏஞ்சல் வர முடியாததால் அவள்தான் அவனைப் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனாள். பொழுது இறங்கிவிட்டது. கையைப் பிடிக்க இருவருக்கும் கூச்சம். அவளுடைய தோள்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தான். கீரனூர் பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. ஏறுவதற்குமுன் வாரை விடாமல் நின்றான்.

"ஒண்ணு கேக்குறேன், செய்வியா?"

"சொல்லுங்கண்ணே. செய்யிறேன்."

"பொம்மை வேணாம்னு நீ எதுக்குச் சொன்னன்னு எனக்குத் தெரியும். அது போவட்டும். லேபுல நான் கட்டுற பல்லை, நான் போனதுக்கப்புறம் இன்னொருத்தன் பிரிச்சுக் கட்டுறான். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க. வீட்டுல செம்பெடுத்துத் தண்ணி மோந்து குடிக்க விடமாட்டேங்குறாங்க. கொற்றன் சாகுற அன்னைக்கு எங்க நின்னான், யாரு அடிச்சான்னு சத்தமாச் சொல்லிரு. மழுப்பாத. அந்த ஒரு எடத்துலயாச்சும் அடிக்க வர்றவன் என்னைய அடிக்கட்டும், தடுக்காத."